காதல் கொடி

ஓவியக் கண்காட்சிக்குப் போனால் கற்பனை ஊறும் என்று போன தையல்கடைச் சுகிர்தாவுக்கு, ஊறும் சிரமம்கூட இல்லாமல் சுவரிலேயே தயாராகத் தொங்கியது: ஒரு பெண்ணின் முதுகு, அதில் கிளைவிட்டு இறங்கும் சிவப்புக் கோடு. அதைக் கைபேசியில் சுட்டு வந்து, கல்யாண ரவிக்கைகளின் முதுகில் ஜரிகையால் இழைத்து, 'காதல் கொடி' என்று பெயரும் வைத்தாள். மணப்பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

இன்று வந்தவள், "முதுகு முழுசா மூடித் தைங்கக்கா" என்றாள். அளவெடுக்கத் திருப்பி நிறுத்தியபோது சுகிர்தாவின் நாடா நழுவியது. அதே கோடு, தழும்பாக, கழுத்தில் தொடங்கி ரவிக்கைக்குள் நுழைந்து இடுப்பில் வெளியே வந்தது.

வந்தவளோ, கடைப் பொம்மைக்கு மாட்டியிருந்த 'காதல் கொடி' ரவிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வரைஞ்சப்ப இவ்வளவு அழகா வரலையேக்கா. இதுக்கு என்ன பேரு?"

சுகிர்தா குண்டூசி டப்பாவைத் திறந்து, வாய் கொள்ளுமட்டும் ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள்.