பிடிபடுறதும் கிருபைதான்

மொட்டைக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து சபைச் செயலாளர் கிறிஸ்தோபருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாதர் ஐக்கியத் தலைவி இன்பமலர் டீச்சர் பின்னேரச் செபத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தொலைக்காட்சியில் கொலை நாடகம் பார்க்க ஓடுகிறார். அதையே வேதபாட வகுப்பிலும் கற்பிக்கிறார். சாட்சிகளை அழைத்து விசாரிக்கவும்."

கையொப்பம் இல்லை. ஆனால் என்ன வடிவான எழுத்து! ஒரு பிழை கிடையாது. ஓரத்தில் அடிமட்டம் வைத்துக் கீறின சிவப்புக் கோடு வேறு.

இப்படியான விஷயத்தில் கிறிஸ்தோபர் முகம் பார்க்கிற ஆளில்லை. பதினொரு வருஷத்துக்கு முந்தி, குடித்துவிட்டுப் பாடகர் குழுவில் நின்றார் என்று சொந்த அண்ணன் ஜெயசீலனின் பேரையே சபை இடாப்பிலிருந்து வெட்டின மனுஷன். அண்ணன் ரிட்டையரான பொலிஸ் சார்ஜன். ரோஷக்காரர். அதற்குப் பிறகு கோயில் வாசல் மிதிக்கவில்லை; தம்பியோடு கதையும் இல்லை. சீனி வியாதியில் ஒரு காலும் போய், உப்புவெளி வீட்டில் தனியே கிடக்கிறார் என்று கேள்வி.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் விசாரணை. துறைமுகக் காற்று யன்னலால் அடித்துக்கொண்டிருக்க, சனம் தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக வந்து குந்திவிட்டது. போதகர் ஐயா நடுவில். விடுப்பு, வேடிக்கை பார்க்க ஆட்களுக்குச் சொல்லவும் வேணுமோ?

"டீச்சர், நீங்கள் கொலை நாடகம் பார்க்கிறது உண்மையோ?"

"ஓம் தம்பி. ஒரு நாளும் விடுறேல்ல."

"அதில இருந்து வகுப்பும் எடுக்கிறீங்களாம்?"

"ஓம். போன கிழமை கொலைகாரன் பிடிபட்டவன். ஒன்பது வருஷமாய்க் கண் மூடாமல் திரிஞ்சவன், எல்லாத்தையும் ஒப்புக்கொண்டுபோட்டு, சிறைக்கூட்டில வெறும் நிலத்தில குறட்டை விட்டு நித்திரை கொண்டான். அதைத்தான் வகுப்பில சொன்னனான். பிடிபடுறதும் கிருபைதான். ஆண்டவர் எங்களைத் தேடி வாறது விலங்கு மாட்ட இல்லை, நித்திரை தர எண்டு."

"நல்லாயிருக்கு! எங்கட ஆண்டவரைக் கொலைகாரனிட்டயோ தேடுறது?"

"அவருக்கு ரெண்டு பக்கமும் சிலுவையில தொங்கினது ஆர் தம்பி? செயலாளரும் பொருளாளருமோ?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பொருளாளருக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. கிறிஸ்தோபருக்குக் காது சிவந்தது.

"பகிடி விடாதேங்கோ டீச்சர்! ஒரு விஷயத்தைச் சொன்னால் சரியாய்ச் சொல்லவேணும். அவன் நித்திரை கொண்டது நிலத்தில இல்லை, வாங்குப் பலகையில!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மண்டபத்தில் சிரிப்பு என்றால் சிரிப்பு, போதகர் ஐயா கூடக் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது... சனல் மாத்தேக்க கண்ணில பட்டது." கிறிஸ்தோபர் அவசரமாக இடாப்பைத் திறந்தார். "சரி சரி, போதும்! டீச்சருக்காகச் சாட்சி சொல்ல ஆரும் இருக்கினமோ? இல்லையெண்டால் பேரை வெட்டத்தான் வேணும்."

இருபது வருஷமாகத் தலைவி. ஆனாலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கிறிஸ்தோபர் பேனையை எடுத்தார்.

"இருக்கு!" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

சக்கரக் கதிரையில் ஜெயசீலன். மழித்த முகம், மினுக்கின வெள்ளைச் சேட், நிமிர்ந்த முதுகு.

"முப்பத்திரண்டு வருஷப் பொலிஸ் சேவையில, சாட்சிக்குக் கூப்பிட்டு நான் ஒரு நாளும் போகாமல் விட்டதில்லை. 'உங்களைச் சாட்சியாய்ப் போட்டிருக்கு' எண்டு டீச்சர் சொன்னவ. வந்திட்டன்."

கதிரையை உருட்டி முன்னுக்கு வந்தார்.

"வேதப் புத்தகத்தோட வந்த அத்தனை பேரையும் படலை வாசலோடயே கலைச்சு விட்டனான். இவ மட்டும் வெறுங்கையோட வந்து, 'நானும் உங்களோட நாடகம் பார்க்கலாமோ?' எண்டு கேட்டவ. ஒரு வருஷமாய் ஆறரை பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வாறா. விளம்பரம் போற நேரம்தான் கதை. கொலைகாரனில தொடங்கி என்னில வந்து நிக்கும். நான் குடியை விட்டு ஏழு மாசம். டீச்சர் கொலை நாடகம் பார்த்தது மெய். பார்த்தது எனக்காக." கிறிஸ்தோபரின் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள் தம்பி."

தம்பி! அண்ணன் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டுப் பதினொரு வருஷம். கிறிஸ்தோபரின் பேனை கீழே விழுந்தது. ஓடிப் போய் அண்ணனின் கதிரையடியில் குந்தி, அத்தனை சனத்துக்கும் முன்னால் விக்கி விக்கி அழுதார்.

"என்னை மன்னிச்சுக்கொள் அண்ணை!"

"எழும்படா. எனக்குப் பாட்டுப் பாட வேணும்."

யாரோ 'அல்லேலூயா' என்று கத்த, மண்டபமே கை தட்டியது. பாடகர் குழு எழும்பி வரிசையில் நின்று, ஜெயசீலன் முந்தி நிற்கிற இடத்தைக் கதிரைக்கு விட்டது. அந்தக் கனத்த குரல் எழும்பினபோது யன்னல் கண்ணாடியும் அதிர்ந்தது.

கிறிஸ்தோபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடாப்பில் முதல் வேலையாக அண்ணனின் பேரை எழுதினார். பாட்டு முடிந்ததும், அண்ணன் சொன்ன சாட்சியை எழுத ஒரு தாள் கேட்டார். டீச்சர் தன்னுடைய வகுப்புக் கொப்பியை நீட்டினார்.

விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்துக்குப் பக்கம், ஓரத்தில் அடிமட்டம் வைத்துக் கீறின சிவப்புக் கோடு. அதே வடிவான எழுத்து.

"டீச்சர்... அந்த மொட்டைக் கடிதம்...?"

"பிடிபட்டிட்டன்!" இன்பமலர் டீச்சர் வாய் நிறையச் சிரித்தார். "ஆனால் அதில ஒரு பொய்யும் எழுதேல்ல தம்பி. சாட்சிக்கெண்டு கூப்பிடாமல் உங்கட அண்ணரை வேற எப்பிடிக் கோயிலுக்குக் கொண்டு வாறது?"