சொல்லக்கூடாத வசனம்

“நான் போகட்டுமா, ஹெஸ்டர்?”

பின்னாளில் சினிமாவில் நடித்து, லண்டன் சுவரெல்லாம் ஹெஸ்டரின் முகமாக ஆன பிறகு, எத்தனையோ பேர் எத்தனையோ கேள்விகள் கேட்டார்கள். ஒன்றும் மனதில் தங்கவில்லை. போர் முடிந்த சில வருஷங்களில், மோர்கம் கடற்கரை நாடக அரங்கில், ஒரு சனிக்கிழமைக் காலை வில்ஃப்ரெட் கேட்ட இந்தக் கேள்வியைத் தவிர.

அன்று அவள் சிரித்துவிட்டாள்.

“ஹெஸ்டரா? கிளாராப்பா! பொண்டாட்டி பேரையே மறக்கிற புருஷனை இப்பதான் பார்க்கறேன்.”

வில்ஃப்ரெட் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் குழுவில் வாரம் ஒரு நாடகம். இரவில் ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததை மனப்பாடம் செய்தாக வேண்டும். போன வாரம் அவள் அவனுக்குத் தங்கை. இந்த வாரம் அவனுக்கு வேடமில்லை. திங்கட்கிழமை முதல் அவள் அவனுக்கு மனைவி.

மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். “நீ கொஞ்சம் இரேன்” என்று இவன்தான் அவளை நிறுத்திவைத்தான். கணவன் பெட்டியோடு வாசலில் நின்று, ‘நான் போகட்டுமா, கிளாரா?’ என்று கேட்பதுதான் அந்த நாடகத்தின் கடைசிக் காட்சி.

“கோட்டு, பெட்டி எல்லாம் எடுத்துட்டு வந்துட்டியா? வெறும் ஒத்திகைக்கா இத்தனை ஜோடனை? பெரில் பார்த்தா மயக்கம் போட்டுடுவா.”

“விளையாடாத, ஹெஸ்டர். ஒரே ஒரு வார்த்தை சொல்லு. போகட்டுமா, வேண்டாமா?”

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இவன் இவ்வளவு நன்றாக நடித்ததே இல்லை.

அதற்குக் கிளாரா சொல்லும் பதில், ‘போகாதே.’ நாடகம் அதோடு முடிகிறது. ஆனால் கடைசி வசனத்தை ஒத்திகையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் நாடகம் படுத்துவிடும் என்று மேடை ஏறுகிற எல்லோருக்கும் பயம்.

ஹெஸ்டருக்குப் பயம் மட்டுமில்லை, ஆசையும் இருந்தது. இரண்டு வருஷமாக அவனிடம் சொல்லத் துணியாமல், வாடகை அறைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தது. திங்கட்கிழமை இரவு, நிறைந்த சபையில், அவன் கண்ணைப் பார்த்துச் சொல்வாள். நடிப்பில்லை என்று அவனுக்குப் புரிந்துவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்றைத் தட்டோடு உட்கார்ந்து ஆறிப்போன மீனைத் தின்ன வேண்டியதில்லை.

அதைப் போய் இப்போது வீணாக்குவாளா? உதட்டின்மேல் விரலை வைத்து, மாட்டேன் என்று தலையாட்டினாள்.

“சொல்ல மாட்டியா?”

மறுபடியும் தலையாட்டினாள்.

“சரி” என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு நடுவே தோள் தொங்க நடந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியேறினான். என்ன நடை! ஹெஸ்டர் மேடையில் தனியாக நின்று கைதட்டினாள்.

வெகு நேரம் கழித்து, மேடை நிர்வாகம் பார்க்கும் பெரில் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தாள்.

“என்னடி கண்ணு, இங்கேயே உட்கார்ந்துட்டே? இந்தா, குடி. குடிச்சிட்டு சிரிலோட கடைசிக் காட்சியை ஒரு தடவை பார்த்துடு.”

“சிரிலோடயா? இப்பதானே வில்ஃபோட பார்த்தேன்! அழ வெச்சுட்டான், போ.”

“வில்ஃபோடயா? அவன் மெல்போர்ன் கப்பலைப் பிடிக்கக் கிளம்பியாச்சு. அதான் அவன் வேஷம் சிரிலுக்கு. இந்நேரம் ரயில் ஏறியிருப்பான். அங்கே ஒரு நாடகக் கம்பெனியிலேருந்து தந்தி வந்து ரெண்டு நாளா ஊரே பேசுதே! நீ எங்கே, நாலு பேர் இருக்கிற இடத்துக்கு வர்றே? ‘போகாதே’ன்னு ஒருத்தி மட்டும் சொன்னா டிக்கெட்டைக் கிழிச்சுடுவேன்னு காலையிலகூடச் சொல்லிட்டிருந்தான். யாருடான்னா சொல்லல. இப்ப போறப்போ கேட்டா, அந்தக் கல்நெஞ்சக்காரி வாயே திறக்கலையாம்.”

ஹெஸ்டர் நிமிர்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பெரில், தன் கோப்பையையும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள்.