வெள்ளித்தாள் பரீட்சை

“இது சுவரா, இல்ல பால்ல முக்கின ரொட்டியா?”

வீட்டுக்கார அம்மா ஒற்றை விரலால்தான் தொட்டாள். பெயிண்ட் பொலபொலவென்று உதிர்ந்து தையல் மிஷின் மேல் விழுந்தது.

தையலக்கா மிஷினைத் துடைத்தாள். குடியிருக்கிறவள் வாயைத் திறந்து என்ன பிரயோஜனம்? அந்த அம்மாவுக்குத் தெரு வைத்திருக்கிற பெயரே சைரன். ஊத ஆரம்பித்தால் ஊதி முடிக்கிறவரை எல்லாரும் ஓரமாக நின்றுகொள்ள வேண்டியதுதான்.

“நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியைப் போட்டு ஆவி விடறே. ஜன்னலைத் திறக்கறதில்ல. ஈரத் துணியையும் உள்ளேயே காயப் போடறே. சுவர் என்ன பண்ணும் பாவம், குளிக்குது!”

“ஜன்னலைத் திறந்தா துணியில புழுதி ஒட்டுதும்மா. அதோட, ஈரம் கீழே முழங்கால் உசரத்துக்குத்தானே இருக்கு...”

“ஓ! அப்ப உன் ஆவி மட்டும் தவழ்ந்து போகுதாக்கும்!”

நல்லவேளையாக அவள் புருஷன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சர்க்கரை ஐயா. இதுவும் தெரு வைத்த பெயர்தான். அவர் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை.

“ஏன் அந்தப் பொண்ணைப் போட்டு வறுத்தெடுக்கறே? மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டுவோம். தரையிலேர்ந்து தண்ணி ஏறுதுன்னா நாமதான் சரி பண்ணிக் கொடுக்கணும். ஆவிதான் காரணம்னா...” குரலில் இன்னும் கொஞ்சம் இனிப்புப் போட்டார். “நீயே வேற இடம் பாத்துக்கம்மா. உன் உடம்புக்கும் அதான் நல்லது.”

மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன்! காலி பண்ணச் சொல்வதைக்கூட உடம்பு விசாரிப்பது போலச் சொல்ல வேறு யாருக்கு வரும்?

ஆனால் தையலக்கா எங்கே போவாள்? கடகடவென்று மிஷின் ஓட்டுகிறவளுக்கு வீடு கொடுக்க இன்னொருத்தர் கிடைப்பது லேசா? இந்தத் தெருவில் பாதிப் பேரின் அளவு அவளுக்கு மனப்பாடம். இடம் மாறினால் அத்தனையும் போச்சு.

மேஸ்திரி வந்தார். சுவரில் பூத்திருந்த வெள்ளை உப்பைச் சுரண்டினார். சாப்பாடு சுற்றுகிற வெள்ளித்தாளில் ஒரு துண்டு வெட்டி, சுவரில் வைத்து, நாலு ஓரத்திலும் டேப் ஒட்டினார்.

“ரெண்டு மூணு நாள் இருக்கட்டும். தாளோட முன்பக்கம் நனைஞ்சா அறையில இருக்கற ஆவி. முன்பக்கம் காய்ஞ்சு பின்பக்கம் நனைஞ்சா சுவருக்குள்ளேர்ந்து வர்ற தண்ணி.”

அதிலிருந்து சைரன் வேளை தவறாமல் வந்து தாளைப் பார்த்தாள்.

“இஸ்திரியை நிறுத்தி வச்சு ஏமாத்தலாம்னு பாக்காதே. எப்பவும் போலப் போடு. அதுக்காகத் தாள்கிட்ட போய் நின்னு பெருமூச்சு விட்டுக்கிட்டு இருக்காதே.”

“மூச்சாவது விடலாமாம்மா?”

“அந்தப் பக்கம் திரும்பி விடு.”

பரீட்சை முடிவு தெரிகிற அன்று தையலக்கா தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தால் வாசலில் மூன்று பேரும் அவளுக்காக நிற்கிறார்கள். அவள் அவசரமாகப் பூட்டைத் திறந்தாள்.

மேஸ்திரி தாளைத் தடவினார். “முன்பக்கம் காய்ஞ்சிருக்கு.”

“இன்னொரு தடவை நல்லாப் பாருங்களேன்,” என்றார் சர்க்கரை ஐயா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே குனிந்து, ஓரம்வரை தடவிப் பார்த்தார்.

எவ்வளவு அக்கறை! தையலக்காவுக்குக் கண் கலங்கியது.

மேஸ்திரி டேப்பை உரித்தார். தாளின் பின்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

“சந்தேகமே இல்ல, தரைத் தண்ணிதான். வெளியே சுவரை ஒட்டி மண்ணு வேற மேடா ஏறிக் கிடக்கு. முதல்ல அதை வெட்டி இறக்கணும். உள்ளே இடுப்பு உசரத்துக்குப் பூச்சை உரிச்சு, சுவரோட அடியில துளை போட்டு, தண்ணி மேலே ஏறாம இருக்க மருந்து ஏத்தணும். நல்லாக் காஞ்சப்புறம்தான் புதுப் பூச்சு.”

“அதுவரைக்கும் நான் எங்கே...?”

“ஒவ்வொரு அறையா செஞ்சிடலாம். மிஷினை மட்டும் நகர்த்திக்குங்க. நீங்க எங்கேயும் போக வேண்டாம்.”

சைரன் முழு வேகத்தில் ஊதினாள். “கேட்டீங்களா கதையை? தண்ணி குடிச்சது சுவரு, செலவு நமக்கா! உனக்கென்னடி, நல்லாச் சிரி!”

தையலக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. சர்க்கரை ஐயாவைப் பார்த்துக் கை கூப்பினாள். “நீங்க மட்டும் மேஸ்திரியைக் கூப்பிடலைன்னா, அன்னைக்கே என்னை வெளியே தள்ளியிருப்பாங்க. உங்களை மறக்கவே மாட்டேன் ஐயா.”

“பரவால்லம்மா... பரவால்ல...” அவர் யார் முகத்தையும் பார்க்காமல், மண்மேட்டைக் காட்டுகிறேன் என்று மேஸ்திரியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

சைரன் நகரவில்லை.

“நன்றியெல்லாம் ரொம்பப் பலமா இருக்கே?”

“பின்னே? அவர் மனசு யாருக்கும்மா வரும்?”

“வராது, வராது. அவர் தங்கச்சி மகன் கடை போட இந்த முன்னறையைக் கேட்டுக்கிட்டிருக்கான். போன்னு வாய்விட்டுச் சொன்னா தெருவுல கெட்ட பேர் வந்துடுமே!”

தையலக்கா திருதிருவென்று விழித்தாள். சைரனின் குரல் முதல்தடவையாகத் தணிந்தது.

“நீ அந்தப் பக்கம் போனதும், மாடியில நாங்க வச்சிருக்கற உன் வீட்டு மாத்துச் சாவியையும் செடிக்குத் தண்ணி தெளிக்கிற பாட்டிலையும் எடுத்துக்கிட்டு ஐயா உள்ளே போனாரு. அவர் வெளியே வந்ததும், துண்டை எடுத்துக்கிட்டு நான் போனேன்.”