சுட்டது லோரி

"முனியாண்டி சத்தியமா, நான் சொல்றது ஒவ்வொரு வார்த்தையும் உண்மைங்கையா. சுட்டது நான் இல்ல. லோரி!"

இன்ஸ்பெக்டர் சிவானந்தம் எழுதுவதை நிறுத்தினார். கோல சிலாங்கூர்ப் பக்கம் காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் தொடங்கிய இந்த மூன்று வருடத்தில் யார் யாரோ சுட்டதாக எழுதியிருக்கிறார். லோரி சுட்டதாக எழுதியதில்லை.

தோட்டத்து லோரி டிரைவர் இருசப்பனுக்கு வியர்த்தது. மூன்று நாளாகத் தோட்டத்துக் கேட்டை நெருங்கினாலே லோரி 'டுமீல்' என்றது. முதல் நாள் காவலர்கள் லோங்கான் சாக்கடைக்குள் குதித்தார்கள். இரண்டாம் நாள் வீரத்தோடு திருப்பிச் சுட்டதில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பப்பாளி மரம் உயிரிழந்தது. மூன்றாம் நாள் இவனைப் பிடித்துவிட்டார்கள்.

"வெடி வெடிச்சுக் காட்டுல இருக்கிறவனுக்கு சிக்னல் குடுக்கிறியா? சாயங்காலத்துக்குள்ள நிரூபிக்கல, கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பிருவேன்!"

"எந்த ஊருக்குங்கையா? நான் பொறந்ததே இதே தோட்டத்துப் பத்தாவது லயத்துல."

மெக்கானிக் சேக் பரீதைக் கூட்டி வந்தார்கள். அவர் லோரியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சைலன்சர் புதுசா இருக்கே?"

"பழசு உளுத்துப்போச்சு பாய். லோரிக் கம்பெனி சாமான் கெடைக்கல. வேற கம்பெனியோடத கோலாலம்பூர்லேருந்து வரவழைச்சு நானே மாட்டினேன். அதுலேருந்துதான் இந்தக் கூத்து."

"மிதிக்கும்போது வெடிக்குதா, காலை எடுக்கும்போதா?"

"எடுக்கும்போதுதான். கேட்டுல நிறுத்தணுமே!"

"அப்ப கார்புரேட்டரும் இல்ல, பிளக்கும் இல்ல. எங்கேயோ வெளிக்காத்து நுழையுது லா."

சேக் பரீது லோரிக்கு அடியில் தவழ்ந்தார். உள்ளிருந்து குரல் வந்தது.

"சைலன்சர்ல ரெண்டு ஓட்ட! இது வழியா காத்து புகுந்து, எரியாத பெட்ரோல் பத்திக்கிட்டு வெடிக்குது."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தோட்டா! லோரியைப் பதுங்கியிருந்து சுட்டிருக்கானுங்க!"

"ஐயா, நான் மாட்டும்போதே அந்த ஓட்ட இருந்துச்சுங்க. கம்பெனிக்காரன் வச்சதுன்னு..."

"வாயை மூடு. சுட்டதுகூடத் தெரியாம அவ்வளவு துணிச்சலா ஓட்டியிருக்க!"

கப்பலா, துணிச்சலா என்று இருசப்பன் யோசித்தான். வாயை மூடிக்கொண்டான்.

தாக்குதலை முறியடித்ததாக அறிக்கை அன்றே கோலாலம்பூருக்குப் போனது. தோட்டத்துத் துரை இருசப்பனுக்குக் கைகொடுத்தார். இன்ஸ்பெக்டருக்குப் பதக்கம் நிச்சயம் என்று பேச்சு.

அடுத்த வாரம் வேறொரு புதுச் சைலன்சர் பஸ்ஸில் வந்து கேட்டில் இறங்கியது. வாங்கிக்கொள்ள இருசப்பன் நின்றான். பக்கத்தில் துரையோடு இன்ஸ்பெக்டரும் நின்றார். கேட்டுக் காவலன் வீரன் சாக்கைப் பிரித்தான், நாலங்குல ஆணியை எடுத்தான், சுத்தியலால் ஓங்கி இரண்டு போட்டான்.

"டேய், என்னடா பண்ற!" என்று அலறினார் இன்ஸ்பெக்டர்.

வீரன் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான்.

"ஓட்ட போடாத டின்னு காட்டுக்குப் போனா அவனுங்க மாசக்கணக்கா வச்சுத் தின்பானுங்க, எந்த டின்னு வந்தாலும் ரெண்டு ஓட்ட போட்டுத்தான் உள்ள விடணும்னு நீங்க போட்ட உத்தரவுதானுங்க சார்; போன தடவ வந்த டின்னுக்கும் நான்தான் போட்டேன்."