சேவலிடம் கேட்ட கேள்வி

கிழவர் மேஹா சேவலை மடியில் வைத்துக்கொண்டு அதற்குக் காற்றாலை பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

காற்றாலைக்கு எத்தனை இறக்கை, எந்தக் குன்றில் நிற்கும், அதன் மின்சாரம் எந்தெந்த ஊருக்குப் போகும் என்பதையெல்லாம் குறி சொல்லும் பூசாரிக்குரிய நிதானத்தோடு சொன்னார். ஜகார்த்தாவிலிருந்து வந்த கம்பெனி அதிகாரி இதையே திரையில் படம் காட்டிச் சொன்னபோது ஊர் தூங்கிவிட்டது. சேவல் தூங்கவில்லை.

ஊரார் முற்றத்துக் கல்லறைகளின் மேல் வசதியாக உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தார்கள். அதிகாரி மட்டும் செத்தவர்களுக்கு மரியாதை கொடுத்து வெயிலில் நின்றார்.

ஊர்த்தலைவர் உம்பு ரெத்தாங் சேவலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு வருடமாக அவர் குன்றைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தார். போன இடத்திலெல்லாம் கொடுத்த பாக்கை மென்று மென்று வாய் வெந்துபோயிருந்தது. மற்ற ஊர்கள் சரி என்றுவிட்டன. ஆனால் குன்று இருப்பது இந்த ஊரில். இங்கே சேவல் மறுத்தால் காற்றாலை கடல் தாண்டி அடுத்த தீவுக்குப் போய்விடும். அப்புறம் சுகாதார நிலையத்தில் செல்போன் வெளிச்சத்தில்தான் பிள்ளை பெற வேண்டும். ரெத்தாங்கின் பேரன் அப்படித்தான் பிறந்தான். பாதியில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

சேவலைக் காலையில் அவர்தான் பைக்கில் கூடை கட்டிக் கொண்டுவந்தார். வழியெல்லாம் சமர்த்தாக வந்தது.

ஒரு சேவலுக்கு ஒரு கேள்விதான். எது முதலில் காதில் விழுகிறதோ அதற்குத்தான் தன் குடலில் பதில் வைத்திருக்கும். போன வருடம் ஒருவன் சேவலுக்குப் பக்கத்தில் நின்று மழை வருமா என்று கேட்டுத் தொலைத்ததில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. மழையும் வரவில்லை. ஆகவே இன்று சேவல் முற்றத்துக்கு வந்ததிலிருந்து யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூட.

கேட்கத்தான் கூடாது. சொல்லலாம்.

"முன்னாடி வந்தவனும் இதே மாதிரி தொப்பிதான் போட்டிருந்தான்" என்றாள் ரம்பு ஹுங்கா. குன்றுச் சரிவில் மேய்வது அவளுடைய குதிரைகள். ஒரு வருடமாக ரெத்தாங்கால் அசைக்க முடியாமல் போனது அவளை மட்டும்தான்.

"அவன் சோலார் கம்பெனி, ரம்பு. இவங்க வேற."

"அவன் வச்சிட்டுப் போன பலகை இன்னும் என் வீட்டுலதான் இருக்கு. அதுமேலதான் சோளம் காயப்போடறேன். சூரிய சக்தியாச்சே, நல்லாவே காயுது."

கல்லறைகளின் மேலிருந்து சிரிப்பு கிளம்பியது. ரெத்தாங்கும் சிரித்துவைத்தார். அந்தச் சோலார்க்காரனை ஊருக்குள் கூட்டிவந்தவரும் அவர்தான்.

"இவங்க அப்படி இல்ல. இவங்களுக்கு நான் பொறுப்பு."

"அவனுக்கும் நீங்கதான் பொறுப்பு, உம்பு."

மேஹா கையை உயர்த்தினார். மெல்லுகிற வாய்கள் நின்றன.

"எங்க குன்றுல இந்தக் காத்தாடி நிக்கலாமா?"

சேவல் மேஹாவைப் பார்த்தது. பிறகு, ரெத்தாங்குக்கு அப்படித்தான் தோன்றியது, தலையைத் திருப்பித் தன்னைப் பார்த்தது.

கத்தி பெரியதில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது.

குடல் நேராக விறைத்திருந்தால் ஆமாம். முடிச்சு விழுந்திருந்தால் இல்லை. மேஹா அதை விரல்களில் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். ரம்பு ஹுங்கா கல்லறையிலிருந்து இறங்கி வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ரெத்தாங் தரையைப் பார்த்தார். ஏதாவது வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால், எதை வேண்டிக்கொள்வது என்று பிடிபடவில்லை.

"நேரா இருக்கு" என்றார் மேஹா. "என் வயசுக்கு இவ்வளவு தெளிவான ஆமாம் பார்த்ததில்ல."

முற்றம் எழுந்துகொண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ பறையை எடுத்தார்கள். அதிகாரி கிடைத்த கையையெல்லாம் பிடித்துக் குலுக்கினார். மேஹாவின் கையையும் குலுக்கிவிட்டு, அப்புறம்தான் தன் கையைப் பார்த்தார்.

ரம்பு ஹுங்கா தன் பாக்குப் பையைத் திறந்து ரெத்தாங்கிடம் நீட்டினாள். ஒரு வருடமாக அவள் நீட்டாத பை.

"சேவலே சொன்னப்புறம் நான் என்னத்தச் சொல்ல. என் சரிவையும் எடுத்துக்கோங்க."

அவர் ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டார். அது கல்லாக இருந்தது.

அதிகாரி அவர் கையில் மைக்கைத் திணித்தார். பறை நின்றது. ஊர் முழுக்க அவர் வாயைப் பார்த்தது.

"இன்னொரு சேவல் கிடைக்குமா?" என்றார் ரெத்தாங்.

விருந்துக்குக் கேட்கிறார் என்று ஊரே சிரித்தது. ரம்பு ஹுங்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

காலையில் ஆற்று வளைவில், வாய்க்காந்தலுக்குத் தண்ணீர் கொப்பளிக்க அவர் பைக்கை நிறுத்தியிருந்தார். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு வருடமாக ஒருவரிடமும் கேட்க முடியாதது அப்போது வாய் தவறி வந்துவிட்டது. சேவலிடம் கேட்டதுகூட இல்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டதுதான். ஆனால் கூடை பக்கத்தில் இருந்தது. என்ஜினை வேறு அணைத்துவிட்டிருந்தார்.

"இவங்களும் நம்மள ஏமாத்திட்டுப் போயிடுவாங்களோ?"