பிலோமினாவின் ஒரே படம்

ராணி வீதி ஸ்டூடியோவில் ஞானப்பிரகாசம் ஓர் உறையை நீட்டினான்.

"என் மனைவி பிலோமினா படம் அண்ணே. பெரிசா பிரிண்ட் எடுத்து பிரேம் போட்டுக் கொடுங்க. ஞாயித்துக்கிழமை கோயில்ல அவளுக்கு நினைவுப் பூசை."

படக்காரர் மாணிக்கம் குரலைத் தணித்தார். "உங்களுக்கே சின்ன வயசாச்சே தம்பி! வேற படமும் இருந்தா கொண்டாங்களேன், நல்லதாப் பார்த்து எடுக்கலாம் லா."

"வேற இல்ல. படம் எடுத்தா ஆயுசு குறையும்னு பயம். கல்யாணத்தன்னைக்கே ஒளிஞ்சுக்கிட்டா. நான் கெஞ்சினதால இந்த ஒண்ணுக்கு மட்டும் ஒத்துக்கிட்டா. எடுத்த வாரமே போயிட்டா."

மாணிக்கம் உறையை வாங்கிக்கொண்டார். "முகத்துல மரு, தழும்பு இருந்தா சொல்லுங்க. தெரியாம சரிபண்ணிடுறேன்."

"ஒண்ணு இருக்கு. அதை எடுத்திடணும்."

மாணிக்கம் பிலிமை உறையிலிருந்து எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தார். திருப்பிப் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தம்பி, இதுல முகமே இல்லையே! மண்டையோடு மாதிரில்ல இருக்கு?"

"எக்ஸ்ரே அண்ணே. தலைவலி தாங்காம துடிச்சா. ஆஸ்பத்திரியில எடுத்தாங்க."

கண்குழிக்குப் பின்னால் முட்டையோடு போல மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. ஞானப்பிரகாசம் அதன்மேல் விரலை வைத்தான்.

"ரத்தக்குழாய் இந்த இடத்துல வீங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னார். அதுதான் வெடிச்சிடுச்சு."

"இதை வெச்சு நான் என்ன தம்பி பண்ணட்டும்?"

"அந்த வளையத்தை மட்டும் அழிச்சிடுங்க அண்ணே. அது இல்லாம அவ எப்படி இருப்பான்னு ஒரு தடவை பார்க்கணும்."