ராகுகாலத்தில் ஒரு சார்ஜர்

சார்ஜ் தீரும் தறுவாயில், உச்சி வெயிலில், ஒரு நீலக் கார் உருண்டு உருண்டு கார் ஷோரூமுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு தாயும் கைக்குழந்தையும் இருந்ததால் ஏசியை நிறுத்த அதற்கு மனசு வரவில்லை. சார்ஜரை மறித்துக்கொண்டு மாலையும் எலுமிச்சம்பழமுமாக ஒரு புதுக் கார் நின்றது.

“தம்பி, உனக்குத்தான் வயிறு நிறைஞ்சாச்சே, கொஞ்சம் நகரேன்!” என்றது நீலக் கார்.

“ராகுகாலம்ணே. முடிஞ்சதும் பழத்தை நசுக்கிட்டுக் கிளம்பிடுறேன்.”

“நீங்களாவது சொல்லுங்களேன்,” என்று சார்ஜரிடம் கெஞ்சியது நீலக் கார்.

“நம்ம கடைப் பிள்ளையாச்சே, எப்படி விரட்டுறது?” என்றது சார்ஜர்.

நீலக் காரில் மிச்சமிருந்த சார்ஜும் இறங்கிக்கொண்டே வந்தது.

ஒருவழியாக ராகுகாலம் முடிந்தது. பழம் நசுங்க, புதுக் கார் ஜம்மென்று போயிற்று.

“நல்ல நேரம் பொறந்தாச்சு, வாங்க வாங்க!” என்று சார்ஜர் வாய் நிறையக் கூப்பிட்டது.

நீலக் கார் அசையவில்லை. ஏசியும் நின்றுவிட்டது. பதிலுக்குக் குழந்தைதான் வீறிட்டது.